பரவால்ல, ஓடுது

ஹலோ... ஹலோ, கர்ட்? அத்தை பேசறேன்... ஆர்டிஸ் அத்தைடா, வேற எத்தனை அத்தை இருக்காங்க உனக்கு... ஆமா ஆமா, நான் நல்லாத்தான் இருக்கேன், அத விடு. டாக்டர் கூப்பிட்டுட்டாரா... இன்னும் இல்லையா. அப்பாடா. எப்ப வேணா கூப்பிடுவாரா... சரி, அப்ப அதுக்குள்ள நான் சொல்றத கேட்டுக்கோ.

எங்க இருக்கேனா? உங்கப்பா இருக்கற முதியோர் ஹோம் வாசல்ல, என் கார்ல உக்காந்திருக்கேன்... ஹீட்டர் ஓடுதுடா, விறைச்சுப் போயிட மாட்டேன். உள்ள வச்சுப் பேச முடியாது. உள்ள எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க. சிரிக்கறவங்க நடுவுல நின்னு கத்த எனக்குக் கூச்சமா இருக்கு.

அவங்க உனக்கு என்ன மெசேஜ் விட்டாங்க, படி கேப்போம்... ம்... ம்... "சாயங்காலத்துல நிலைகொள்ளாம இருக்கார்"... சரி... "ஒரு உதவியாளரைத் தள்ளிவிட்டார்"... ம்... "அவரோட அமைதிக்காக ஒரு சின்ன மாத்திரை". அமைதி யாருக்கு? ... சரி, அவருக்குன்னே வச்சுப்போம். நீ டாக்டர்கிட்ட என்ன சொல்றதா இருக்க... தெரியும். "நீங்க பாத்து செய்யுங்க டாக்டர்." தெரிஞ்சுதான் ஃபோன் பண்ணேன்.

இல்ல, நான் கோவப்படல... இது கோவம் இல்ல கர்ட், நான் பேசறதே இப்படித்தான். முப்பது வருஷம் நியூ ஜெர்சில குப்பை கொட்டினவ. அங்க வேணும்னா வேணும்னு சொல்லுவான், பிடிக்கலன்னா வண்டிய நிறுத்தி இறங்கி வந்து சொல்லுவான். திரும்பி மினசோட்டாவுக்கு வந்தேன், இங்க ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்.

என்ன ஃபோட்டோ... ஆமா, பாத்தேன். உங்கப்பா காகிதக் கிரீடம் வச்சுக்கிட்டு இருக்காரே, அதானே? "இந்த மாதத்தின் இனிய முகம்." அத நீ உன் ஆஃபீஸ்ல எல்லாருக்கும் வேற காட்டினியாக்கும்... காட்டினியா. சரி. எதுக்குக் குடுத்தாங்கன்னு கேட்டியா? நான் கேட்டேன். அந்த கெய்ட்லின் இருக்கா பாரு, அங்க விளையாட்டு, கொண்டாட்டம் எல்லாம் நடத்தற பொண்ணு, அவ சொன்னா, உங்கண்ணன் மாதிரி நல்ல மனுஷன் யாருமே இல்ல, ஒண்ணும் கேக்க மாட்டார், பகல் முழுக்க ரூமை விட்டு வெளிய வர மாட்டார், தட்டுல வச்சது வச்சபடி இருக்கும், ஒரு தொந்தரவு கிடையாதுன்னு. அதுக்குக் கிரீடம். டேய், சாப்பிடாம, பேசாம, சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்குப் பரிசு குடுக்கற ஊர் இது ஒண்ணுதான். செத்துப் போனா இன்னும் பெரிய கிரீடமா குடுப்பாங்க போல.

... நோய் முத்திடுச்சுன்னு யாரு சொன்னா... அதான் நானும் நினைச்சேன் கர்ட். நானும் அப்படித்தான் நினைச்சேன். மறதி நோய், அடுத்த படிக்குப் போயிட்டார், அவ்வளவுதான்னு. முந்தாநேத்து வரைக்கும்.

முந்தாநேத்து நான் அங்க உக்காந்திருக்கேன், காபி வண்டிய தள்ளிக்கிட்டு ஒருத்தி வர்றா. "ஹார்லன், காபி? பை ஒரு துண்டு?" ருபார்ப் பைடா, அந்தப் புளிப்புத் தண்ட உள்ள வச்சு சுடுவாங்களே. உங்கப்பாவுக்கு உயிர். அவர் என்ன சொன்னார்? ... கரெக்ட். "ஐயோ, எனக்கு எதுக்கும்மா, வேண்டாம்." அவ்வளவுதான், "சரி ஹார்லன்"னு இனிக்க இனிக்கச் சொல்லிட்டு வண்டிய தள்ளிக்கிட்டுப் போயிட்டா. உங்கப்பா அந்த வண்டி வராந்தா முனை திரும்பற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தார் கர்ட். அந்த மூஞ்சிய நீ பாக்கல.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. நம்ம ஊர்ல முதல் தடவை கேட்டா எவன்டா காபி வாங்குவான்? முதல் தடவை வேண்டாம். ரெண்டாவது தடவை, உங்களுக்கு எதுக்கு சிரமம். மூணாவது தடவை, போட்டு வச்சது வீணாப் போகுதேன்னு வாங்கிப்பான். உங்கம்மா இருந்த வரைக்கும் எல்லாத்தையும் மூணு தடவை கேப்பா. மார்லிஸ் போனதுக்கப்புறம் அந்த மனுஷனை யாரும் ரெண்டாவது தடவை கேக்கல.

எழுந்து போய் அந்தப் பைய வாங்கிட்டு வந்தேன். "அண்ணா, சாப்பிடு." வேண்டாம்னார். "அண்ணா, நல்லாருக்கு, சாப்பிடு." உனக்கு எதுக்கும்மா சிரமம்னார். மூணாவது தடவை கேட்டேன். "சரி, எடுத்துட்டு வந்துட்ட"ன்னு வாங்கினார். ரெண்டு துண்டு சாப்பிட்டார். தட்ட வழிச்சு சாப்பிட்டார்... ஆமா. நோய் முத்தினவர்.

... இரு இரு, டாக்டர் மனச்சோர்வு பரிசோதனை பண்ணினாரா? பண்ணினாரே. நான் பக்கத்துல இருந்தேன். "மனசுக்கு வருத்தமா இருக்கா ஹார்லன்?" அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. "வாழ்க்கை எப்படிப் போகுது?" பரவால்ல, ஓடுது. "ராத்திரி பயமா, படபடப்பா இருக்கா?" குறை சொல்றதுக்கில்ல. எல்லாம் நல்லாருக்குன்னு டாக்டர் ஒவ்வொரு கேள்விக்கும் கோடு போட்டார், மனச்சோர்வு சுத்தமா கிடையாதுன்னு எழுதிட்டார். அவர் ஃப்ளோரிடாக்காரர். நம்ம ஊர்ல பரவால்லன்னா என்ன அர்த்தம்னு அவருக்கு என்ன தெரியும்?

உங்கப்பா பனி தள்ற வண்டிய கால்வாய்ல கவுத்தது ஞாபகம் இருக்கா உனக்கு... ம், நீ சின்னப் பையன். விலா எலும்பு உடைஞ்சு தலைகீழாத் தொங்கிக்கிட்டு இருக்கார், தூக்க வந்தவங்ககிட்ட என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க உங்க வேலைய பாருங்க, உங்களுக்கு நேரமாகுது." அந்த ஆள்கிட்ட போய் வருத்தமா இருக்கான்னு கேக்கறார் டாக்டர்.

... ஆமா, தள்ளிவிட்டாரே, அது அமைதியான ஆளான்னு கேக்கற. நல்ல கேள்வி. ஏன் தள்ளினார்னு யாராவது உனக்கு எழுதினாங்களா? எழுத மாட்டாங்க. நான் சொல்றேன்.

இருட்ட ஆரம்பிச்சா அவருக்குப் படபடப்பு வருது. கையைப் பிசையறார், எழுந்துக்கறார், கோட்ட மாட்டறார், "வண்டிய சொருகியாச்சா, வண்டிய சொருகியாச்சா"ன்னு ஒவ்வொரு ரூமா போய்க் கேக்கறார். உனக்கு அரிசோனா வெயில்ல மறந்திருக்கும், இங்க வண்டி மூஞ்சிலேருந்து வயர் தொங்கும், ராத்திரி கரண்ட்ல சொருகி சூடா வைக்கலன்னா குளிர்ல இஞ்சின் காலைல கல்லுமாதிரி கிடக்கும். அவர் வண்டி கிளம்பலன்னா ரோட்டுல பனி கிடக்கும், ஸ்கூல் பஸ் நிக்கும். ரிட்டையர் ஆகற வரைக்கும் அந்தக் கவலையோடதான் படுத்தார், அந்தக் கவலையோடதான் எழுந்தார். மத்ததெல்லாம் மறந்துடுச்சு, அது மட்டும் மறக்கல.

அதுக்கு அந்த உதவியாளர் பொண்ணு, ரொம்ப நல்ல பொண்ணுதான், சிரிச்ச முகமா சொல்றா, "ஹார்லன், உங்களுக்கு வண்டியே கிடையாதே, வித்தாச்சே. வேலையிலேருந்து நின்னாச்சே." அப்ப மார்லிஸ் எங்கன்னு கேக்கறார். "அவங்க இறந்துட்டாங்களே ஹார்லன்." உண்மையைச் சொல்லணுமாம். வழிகாட்டில போட்டிருக்காம். கர்ட், தினமும் சாயங்காலம் அந்த மனுஷனுக்கு வண்டி போகுது, வேலை போகுது, பொண்டாட்டி சாகறா. தினமும் புதுசா. அப்புறம் விளையாட்டுன்னு அவர் முன்னாடி ஒரு பலூன தூக்கிப் போட்டுத் தட்டுங்க தட்டுங்கன்னு சொல்றாங்க. நீயா இருந்தா தள்ள மாட்டியா? நான் கடிச்சிருப்பேன்.

... நான் என்ன பண்ணேனா? "சொருகியாச்சு அண்ணா, நானே சொருகினேன்"னு சொன்னேன். "நல்லா உள்ள போச்சா?" போச்சு. "வயர் பனில கிடக்கலியே?" கிடக்கல. கோட்டக் கழட்டிட்டு உக்காந்துட்டார். முடிஞ்சுது.

... பொய்யா? யாருடா பொய் சொன்னா. இங்க பார்க்கிங்ல கம்பத்துக்குக் கம்பம் பிளக் இருக்கு. என் வண்டிய நெஜமாவே சொருகிட்டுத்தான் போய்ச் சொன்னேன்.

... இல்ல, கேளு. மருந்தே வேண்டாம்னு நான் சொல்லல. மனச்சோர்வுக்கு மருந்து இருந்தா குடுக்கட்டும், நானே தண்ணி எடுத்துக் குடுப்பேன். ஆனா என்ன வியாதின்னு பாக்காம ஆளைத் தூங்க வைக்கற மாத்திரை எதுக்கு? மறுபடி வந்து பாக்கட்டும். நான் இருக்கும்போது பாக்கட்டும். அவர் வாயப் பாக்காம, தட்டப் பாக்கட்டும், கையப் பாக்கட்டும்.

... அவருக்குத்தான் ஒண்ணும் புரியறதில்லயேன்னா... கர்ட். நான் ஒண்ணு சொல்றேன், கேளு. சொல்ல வேண்டாம்னுதான் நினைச்சேன்.

அந்தப் பை சாப்பிட்டு முடிச்சதும் எப்படி இருக்க அண்ணான்னு கேட்டேன். பரவால்லன்னார். விட்டுட்டு, கொஞ்ச நேரம் ஜன்னல்ல பனி விழறதப் பாத்துக்கிட்டு இருந்தோம், மறுபடி கேட்டேன். ஓடுதுன்னார். மூணாவது தடவை கையப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். அப்புறம் மெதுவா சொல்றார், "நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல இருக்கு ஆர்டிஸ். என்னன்னு ஞாபகம் வரல. அதான் யாரும் என்னைக் கூப்பிடறதில்ல."

... கர்ட்?

... இருக்கியா... ம். நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். கெய்ட்லின்கிட்ட சொன்னேன், அதெல்லாம் நோய் பேசற பேச்சு, பெருசா எடுத்துக்காதீங்கன்னா. அவர் குரல் எனக்குத் தெரியாதா.

... என்ன... என்ன, சத்தமா சொல்லு... போன தடவை நீ வந்தப்பவா... ம்... ம்... உன்ன அடையாளம் தெரியலியா? என்ன சொன்னார்... "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம், பாத்துப் போங்க"ன்னாரா. அதனாலதான் நீ ஒரு வருஷமா வரலியா. கடவுளே. டேய், கல்யாணம் முடிஞ்சு மாதா கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு உங்கம்மாகிட்டயே "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்"னவன்டா அந்த ஆளு... நெஜமா. நான்தான் பூ பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நின்னேன். அவருக்கு அதுக்கு மேல அன்பா பேசத் தெரியாது... ம்... சிரி, சிரி. ரெண்டும் சேந்தே வரட்டும். மூக்க சிந்து.

பேரு ஞாபகம் இருக்கான்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ வந்து உக்காந்தா, தன்னை யாரோ கூப்பிட்டுட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். அது போதும்... வர்றியா... "பாக்கறேன்" வேண்டாம், தேதி சொல்லு... சனிக்கிழமையா. சரி. தடியா ஒரு கோட் வாங்கிட்டு வா.

... என்ன சத்தம் அது... டாக்டர் லைனா? எடுத்துடாத, ஒரு நிமிஷம் இரு, அடிக்கட்டும். நீ என்ன சொல்லணும்னு தெரியுமில்ல... ம். ஆனா கர்ட், அவர் ஒரு தடவை கேட்டுட்டு விட மாட்டார். ஃப்ளோரிடாக்காரர். ரெண்டாவது தடவை கேப்பார். மூணாவதும் கேப்பார். நம்ம வீட்டு வழக்கத்துல மூணாவதுக்குத் தலைய ஆட்டிடாத.

எங்க, என்கிட்ட சொல்லு பாப்போம். நான்தான் டாக்டர். "மிஸ்டர் கர்ட், உங்கப்பாவுக்கு அந்த மாத்திரைய ஆரம்பிச்சுடலாமா?" ... நல்லது. "சின்ன மாத்திரைதான், ராத்திரிக்கு மட்டும்?" ... ம்ம், "இப்போதைக்கு"ல்லாம் வேண்டாம், மொட்டையா வேண்டாம்னு சொல்லு... ஆங். "எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும் பாருங்க, உங்களுக்கும்தான்?"

...

...கர்ட்?

... ம். அதான். அப்படிச் சொல்லு.

எடு லைன. நான் வைக்கறேன், இங்க இருட்டிடுச்சு. உங்கப்பா கோட்ட மாட்டிக்கிட்டு ஜன்னல்ல நிக்கறார். நான் இறங்கி வண்டிய சொருகணும்.