கீழிருந்து ஏறும் கட்டைகள்

"நான் தோத்துட்டேன், அதனால அது காப்பி இல்ல" என்று முன்சீட்டில் ஒரு அம்மாள் சொன்னதைக் கேட்டுத்தான் புத்தகத்தை மூடினேன். டில்லியில் ஆர்.கே.புரம் திரும்பும் ஆபீஸ் பஸ். பக்கத்தில் அவளுடைய செக்‌ஷனிலேயே வேலை பார்க்கும் இளையவள்.

"புரியலக்கா."

"எம் பொண்ணு கம்ப்யூட்டர் கோர்ஸ் ப்ராஜெக்டுக்கு ஒரு கேம் எழுதினா. கட்டையெல்லாம் கீழேருந்து ஏறி வரும். மேலேருந்து விழற பழைய கேமோட காப்பின்னு அங்க சொல்லிக்கொடுக்கற சார் திருப்பிக் கொடுத்துட்டாரு."

"ரெண்டும் கட்டை அடுக்கறதுதானேக்கா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். லஞ்ச் டயத்துல அந்தப் பழைய கேம்ல என்னை யாராவது ஜெயிச்சிருக்காங்களா?"

"ஆபீஸ்லயே ஆள் கிடையாது."

"இவளோடதுல ரெண்டே நிமிஷத்துல அவுட். அதுல இடத்த ரொப்பணும். இதுல கட்டை ஏறி வர வழி விடணும். என் கை பழக்கத்துல ரொப்பிக்கிட்டே இருக்கு. தெரிஞ்ச வித்தையே தோக்கடிச்சா, அது எப்படிக் காப்பியாகும்?"

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அச்சா, சார் விளையாடினாரா?"

"எங்க? ஸ்க்ரீனைப் பாத்தாரு, அவ்வளவுதான்."

ஸ்டாப் வந்தது. அம்மாள் டிபன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு லீவு போட்டிருக்கேன். அவரை உக்கார வச்சு விளையாடச் சொல்லி, அவர் தோக்கற வரைக்கும் பக்கத்துலயே நிக்கப் போறேன்."