யோக்கியன் ஸ்ட்ருவான்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. என் மனைவிக்கு இவ்வளவு கெட்டியாகப் போட வராது. இருபத்திரண்டு வருடமாகக் கோல்ஃப் வர்ணனையில் கிசுகிசுத்தே பிழைத்தவன் நான். சத்தமாகப் பேச வராது. கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள்.

அந்தக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கிர்க்நெஸ் கடலோர மைதானம், போட்டியின் கடைசி நாள், பதினேழாவது குழி. நான் மட்டையை வைத்ததும் பந்து ஒரு பார்லி மணி அளவு அசைந்தது. யாரும் பார்க்கவில்லை. நானே நடுவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். தண்டனையாக என் கணக்கில் ஓர் அடி கூடியது; குறைந்த அடியில் முடிப்பவனுக்குத்தான் கோப்பை. அந்த ஓர் அடியில் கோப்பை போனது. அடிகளின் எண்ணிக்கை அட்டையில் நான் கையெழுத்துப் போட்டபோது ஸ்காட்லாந்தே அழுதது. 'யோக்கியன் ஸ்ட்ருவான்' என்று பெயர் வைத்தார்கள். ஆட வயதில்லாமல் போனபோது டிவிக்காரர்கள் என்னைத் தேடி வந்ததும் அந்தப் பெயருக்காகத்தான்.

பதினான்காவது குழியில் நடந்தது மங்கோவுக்கு மட்டுமே தெரியும். மங்கோ பெட்ரி, பதினோரு வருடம் என் மட்டைப் பையைச் சுமந்தவன். முட்புதருக்குள் கிடந்த பந்தை நான் காலால் வெளியே தள்ளியதைப் பார்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு நடந்தான். பதினேழில் நான் வாயைத் திறந்ததே அதைச் சரிக்கட்டத்தான். அதற்கு இது சரியாகப் போயிற்று, இல்லையா?

இத்தனை வருடம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை காலையில் அதே புதருக்கு வரச் சொன்னான். ஈரல் கெட்டு முகமெல்லாம் மஞ்சள்.

"யோக்கியன் வர்றான், சொம்ப எடுத்து உள்ள வை" என்று சிரித்தான். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன்டா. நெஞ்சுல வச்சுக்கிட்டுச் சாக முடியல."

"என் பேரு போயிடுமே, மங்கோ."

"இருந்தாத்தானடா போறதுக்கு? டிவில நேர்மையப் பத்தி நீ ஓதுறப்பல்லாம் எனக்குக் குமட்டுது. வா, அன்னைக்கு அடிக்காத அடிய இப்ப அடி. கால வைக்காம அடி."

பழையபடி என் மட்டைப் பையை அவன்தான் சுமந்து வந்திருந்தான்; ஏழாம் எண் மட்டையைக் கேட்டேன். காற்றைப் பார்த்துவிட்டு, "எட்டு போதும்" என்று எடுத்துக் கொடுத்தான். மட்டை விஷயத்தில் அவன் சொல்லை நான் தட்டியதே இல்லை.

முதல் அடி தாடையில். ஏதோ சொல்ல வந்தான். பற்கள் உதிர்ந்திருந்ததால் புரியவில்லை. அடுத்தது காதுக்கு மேல். விழுந்து, புல்லைப் பிடித்துப் பிடித்துத் தவழ்ந்தான். பின்னாலேயே போய்ப் பிடரியில் அடித்ததும் அசைவு நின்றுவிட்டது. மட்டையை அவன் தோள்துண்டிலேயே துடைத்தேன். பெயர்ந்த புல்திட்டை எடுத்து வைத்து மிதித்தேன். மைதானத்தை அலங்கோலமாக விட்டுப் போவது பண்பல்ல.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரி, ஒரே ஒரு திருத்தம். மூன்று அடி என்று போட்டிருக்கிறீர்கள். நான்கு. அவன் தவழும்போது ஓங்கியதில் ஒன்று படாமல் தரையில் போயிற்று. எங்கள் ஆட்டத்தில் குறி தவறி வீசியதும் அடிதான். நான் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால், தப்பான எண்ணிக்கைக்குக் கீழே நான் என் வாழ்நாளில் கையெழுத்துப் போட்டதில்லை, அம்மா.