நான்கு அட்டைகள்

வெளியே கிளம்புகிறவர் 'வாரேன்' என்றால் 'வாங்க' என்று விடை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் நான் ஒருநாளும் தவறியதில்லை.

1978இல் கோட்டையூர் சாலையில் இருந்த ஒரு ரசாயன ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் நானும் சம்சுதீனும் வேலை பார்த்தோம். கழிவுத் தொட்டிக்குள் ஆள் இறங்கலாமா என்று சொல்லும் புரோகிராம் அவன் எழுதியது. அந்தக் காலத்தில் புரோகிராம் என்றால் துளையிட்ட அட்டைகளின் ஒரு கட்டு. அது தானே தொட்டியிலுள்ள விஷவாயுவை அளக்காது. அளப்பதற்கென்று இருக்கும் வேறொரு புரோகிராமுக்குக் கட்டளை அனுப்பி, அது முடியும்வரை காத்திருந்து, திரும்பி வரும் எண்ணைப் பார்க்கும். பூஜ்யம் வந்தால் தொட்டியருகே பச்சை விளக்கு எரியும். வேறு எது வந்தாலும் எரியாது. ஏவிவிட்டால் போதாது, என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும் என்பான் சம்சுதீன். சரியான பேச்சுதான். அதற்காகவே அவனைப் பம்பாய்ப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு வயிறெரிந்தது.

எண்ணைப் பார்க்கும் நான்கு அட்டைகளையும் கட்டிலிருந்து உருவிவிட்டேன். விளக்கு ஒருநாள் தப்பாக எரியும், அவன் பெயர் கெடும். அவ்வளவுதான் நினைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தாளில் அச்சாகி வந்த எண் மூன்று. விளக்கு பச்சையாக எரிந்தது. தொட்டி கழுவும் முத்துக்கருப்பன் விளக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர் இல்லை. வழக்கம்போல அறை வாசலுக்கு வந்தார்.

"வெளக்கு எரியுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னீகன்னா எறங்கிட்டு வாரேன்."

தாள் என் கையில்தான் இருந்தது.

"வாங்க" என்றேன்.

அவரை மேலே தூக்க அரை மணி நேரம் ஆயிற்று. உயிர் இல்லை.

அட்டைக் கட்டில் நான்கு குறைவதை விசாரணையில் நான்தான் எண்ணிக் காட்டினேன். சம்சுதீனுக்கு வேலை போயிற்று. போகும்போது என் மேசையருகே நின்றான்.

"வயிரவா, அட்டையை நீ எடுத்தியா?"

இல்லை என்றேன். பம்பாய்க்கு நான் போனேன்.

முத்துக்கருப்பன் மனைவி பொன்னுத்தாயி ஆலை வாசலுக்கு வந்து, அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். 'வாரேன்' என்றுதான் சொன்னார் என்றேன். அந்த அம்மாள் அழுதார். எனக்கும் மனது கேட்கவில்லை.

நான்கு அட்டைகளையும் அந்தத் தாளையும் இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன். இத்தனை நாள் மறைத்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். யாராவது ஒருவர் நேராகக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.