கம்பிக்குள் எட்டிப் பார்த்த சார்லஸ்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் விசைப்படகுச் சங்கத் தலைவர் எழிலரசன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே, ஏலக்கூடத்தில் கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மாரே, ஜெகதாப்பட்டினத்துத் தோழர்களே, எல்லோரையும் என் வணக்கம் வந்து சேரட்டும்.

சங்கத்தின் இணையத் தொடர்பை நெடுங்காலமாகக் கவனித்துவரும் இந்த ஆவுடையப்பனிடம், உடன் வேலை பார்க்கும் பொறியாளர் சார்லஸைப் பாராட்டச் சொல்லியிருக்கிறார்கள். பாராட்டு வருமா? எனக்கே சந்தேகம். பொறாமை வருகிறது. மறைக்கத் தெரியவில்லை.

கடலில் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருக்கும் நம் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேச, வீட்டுக்குச் சில நிமிடம் அனுமதி. சென்ற வாரம் அழகி, கணவர் கருப்பனைக் காணத் திரைமுன் அமர்ந்தார். முகம் தெரிந்தது; குரல் வருமுன் இணைப்பு அறுந்தது. வந்தது, மறுபடி அறுந்தது.

நான் என்ன செய்தேன்? முறைப்படி ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி மாட்டிச் சோதிக்கத் தொடங்கினேன். முதல் கம்பி. இரண்டாம் கம்பி. மறுமுனை பதில் தருகிறதா என்று கேட்கும் 'பிங்' கட்டளை கொடுத்தேன். பாதிக்குப் பதில் வந்தது, பாதிக்கு வரவில்லை. "ஐயா, அவுக மொகம் போயிருச்சுங்க, வெரசாப் பாருங்க" என்று கெஞ்சினார் அழகி. நான் மூன்றாம் கம்பியில் இருந்தேன்!

சார்லஸ் எழுந்தாரா? இல்லை. ஓடினாரா? இல்லை. மடிக்கணினியில் 'வயர்ஷார்க்' என்ற மென்பொருளைத் திறந்தார். கம்பிக்குள் போகிற வருகிற செய்திகளைத் திரையில் வரி வரியாகக் காட்டும் கருவி அது.

என்ன அங்கே சிரிப்பு? ஆமாம், 'ஷார்க்' என்றால் சுறாதான். "அந்தச் சுறா கிலோ என்ன வெலை?" என்கிறீர்களா? இலவசம் ஐயா, இலவசம்! அதுதான் என் வயிற்றெரிச்சல். எனக்கும் கிடைத்திருக்குமே!

"அண்ணே, இங்கிட்டு வந்து பாருங்க. ரெண்டு பெட்டி ஒரே முகவரியச் சொல்லுது. ஒண்ணு நம்ம ரூட்டரு. இன்னொண்ணு ஐஸ் பிளாண்ட்ல நம்ம லைன்லயே புதுசா மாட்டுன கேமராப் பெட்டி. அதப் புடுங்கச் சொல்லுங்க" என்றார். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் எங்கே போவார்? பெட்டியைப் பிடுங்கினார்கள். கருப்பன் பேசினார். "சார்லஸ் சாரு மகராசனா இருக்கணும்" என்று அழகி கைகூப்பினார். அந்த வாழ்த்து என்னைத் தாண்டிப் போனது.

நாளை காலை பிச்சையம்மாள், சிறையிலிருக்கும் தம் மகனோடு பேசும் முறை. மறுபடி இணைப்பு அறுந்தால்? என் வயது அந்தக் குரலைக் கொண்டுவருமா? என் வருத்தம் கொண்டுவருமா? வரிசை தவறாத என் கம்பிகள் கொண்டுவருமா?

ஆகவே சார்லஸ், சபையறியக் கேட்கிறேன். இன்று மாலையே அந்தக் கருவியை எனக்குக் கற்றுத் தருவீர்களா?

"வாங்கண்ணே, ஒங்க லேப்டாப்போட வாங்க" என்கிறார். எல்லோரும் கேட்டீர்களா? நீங்களே சாட்சி!

பிச்சையம்மாள் அவர்களே, நாளை உங்கள் இணைப்பைக் காக்க இரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். பழுதை முதலில் நானே பிடிக்க வேண்டும் என்ற பொறாமை எனக்கு இருக்கும், அவருக்கும் இருக்கட்டும். எவர் பிடித்தாலும் உங்கள் மகனின் குரல் உங்கள் காதுக்கு வரும்.

என் புலம்பலைப் பொறுத்த செவிகளுக்கு நன்றி. நம் பிள்ளைகள் கரை சேரட்டும் என்று வணங்கி இறங்குகிறேன்.