மூன்றாவது படம்

கணினியைப் போன் கம்பியில் இணைக்க மோடம் வாங்குகிறவர்கள் உள்ளே செருகும் அட்டையை வாங்க வேண்டாம். அது பாதி வேலையை விண்டோஸ் தலையில் கட்டிவிடும்; லினக்ஸில் போட்டால் செத்த மாதிரி கிடக்கும். வெளியே வைக்கிற பெட்டிதான் நல்லது. பிஷ்கெக் சந்தையில் ஒரு நாள் முழுக்க அலைந்து அப்படி ஒன்று வாங்கினேன்.

விற்றவன் சிரித்தான். "மலைமேல உக்காந்துக்கிட்டு யாருக்குண்ணே கடுதாசி போடப் போறீங்க, ஆட்டுக்கா?"

"டாக்டருக்கு" என்றேன்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கணவாய்ச் சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. மேலே குடிசையில் முகாஷ் பனியை அளப்பான். சரியும் போலிருந்தால் எனக்குப் போன் செய்வான். நான் ஆறு கிலோமீட்டர் கீழே இருக்கும் காவல் சாவடிக்குச் சொல்வேன், அவர்கள் சாலையை அடைப்பார்கள். மூன்று இடத்துக்கும் ஒரே கம்பி. பனிக் கணக்கு அனுப்பக் கொடுத்த பழைய கணினி என் மேசையில் இருந்தது.

என் மகள் ஜிப்பாருக்கு ஒன்பது வயது. இதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். ஜெர்மனியில் ஒரு மருத்துவர் இலவசமாக அறுவை செய்ய ஒப்புக்கொண்டார். வெள்ளி மதியத்துக்குள் அவளுடைய இதயப் படங்கள் மூன்றும் மின்னஞ்சலில் வர வேண்டும், தவறினால் அந்த இடம் வேறு குழந்தைக்கு.

செவ்வாயிலிருந்து பதினோரு தடவை முயன்றேன். மேலேயோ கீழேயோ யாராவது ரிசீவரை எடுத்தால் போதும், இணைப்பு அறுந்துவிடும். கையேட்டைப் படித்து எஸ்-பத்து என்ற இடத்தில் 255 என்று எழுதினேன். அப்படி எழுதினால், குறுக்கே யார் வந்தாலும் மோடம் கம்பியை விடாது. வேகத்தையும் குறைத்தேன்.

வெள்ளி காலை முதல் படம் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது பாதியில் இருந்தபோது, மோடத்தின் இரைச்சலுக்குள் முகாஷின் குரல் கேட்டது.

"ஷார்ஷென் அண்ணே! மேல விரிசல் விட்டிருச்சு, ரோட்ட அடைக்கச் சொல்லுங்க! அண்ணே, கேக்குதா?"

கேட்டது. பெட்டியின் பக்கவாட்டில் ஒலியைக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. திருப்பினேன்.

கொஞ்ச நேரத்தில், தினமும் கணவாய்க்கு ஆள் ஏற்றிப்போகும் சாதிரின் சிற்றுந்து ஜன்னலுக்கு வெளியே வந்தது. வழக்கம்போல ஹாரன் அடித்துக் கையாட்டினான். நானும் கையாட்டினேன். உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் உள்ளே வந்து போன் கேட்பார்கள்.

சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அவ்வளவுதான். மோடத்தின் விளக்குகள் அணையவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன். கம்பி மலையின் மறுபக்கமாகப் போகிறது.

முகாஷ் பனிச்சறுக்குக் கட்டையில் இறங்கி வந்தான். முகமெல்லாம் ரத்தம்.

"வண்டி பனிக்குள்ள மாட்டிக்கிச்சுண்ணே. ஆம்புலன்சக் கூப்பிடணும், தோண்ட ஆளு வேணும். போன் எங்க?"

மூன்றாவது படம் போய்க்கொண்டிருந்தது. முக்கால்வாசி ஆகியிருந்தது.

"கம்பி அறுந்துபோச்சு தம்பி" என்றேன். "நீ ஓடு. நான் இங்க சரி பண்ணப் பாக்கறேன்."

அவன் உடனே திரும்பினான். ஆறு கிலோமீட்டர் ஓடினான். ஆட்கள் வந்து தோண்டியபோது, செத்தவர்களில் இரண்டு பேர் உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். அதில் ஒருத்தி ஜிப்பாரின் பள்ளி ஆசிரியை. அவளைத் தெரியும், நல்ல பெண்.

திங்களன்று மருத்துவரிடமிருந்து பதில் வந்தது. குழந்தையை அழைத்து வரலாம், முதல் படத்திலேயே எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிட்டது, மற்றவை தேவைப்படவில்லை என்று எழுதியிருந்தார்.

முதல் படம் முகாஷ் கூப்பிடுவதற்கு முன்பே போய்விட்டது. அது எனக்கும் தெரியும், ஐயா. இருந்தாலும் மூன்றையும் அனுப்பி வைத்தது நல்லதுதான்.