தென்காசி கோமதியம்மாள் எழுதுகிறார்

— அப்படி நெனச்ச நேரத்துக்கெல்லாம் ரிப்பேர் ஆகாது அண்ணாச்சி. பார்க்கு ரேடியோன்னாலும் அதுக்கும் ஒரு மனசு இருக்கு.

— ஏலே வீரபாகு, பஞ்சாயத்து போர்டு மெம்பர் தாணுமாலயன் சொல்லுதேன். இன்னைக்குச் சாயங்காலம் இந்தப் பார்க்குல ரேடியோ பேசப்படாது. சாரல்ல வயரு நனைஞ்சு போச்சுன்னு சொல்லிரு. சோலி முடிஞ்சுது.

— சாரல் அஞ்சு நாளா அடிக்கு. நாலு நாளு நனையாத வயரு இன்னைக்கு மட்டும் எப்படி நனைஞ்சுதுன்னு கேப்பாவளே. அன்னா பாருங்க, குத்தாலத்துல குளிச்சுட்டு வந்து, தலையைக்கூட துவட்டாம பெஞ்சுல எடம் புடிச்சிருக்காவ.

— கேட்டா கேக்கட்டும். மணி என்ன?

— ஆறு தாண்டிட்டு. ஆறரைக்கு திருநெல்வேலி ஸ்டேஷன்ல டாக்டரு பேச்சு. 'இல்லமும் நலமும்'.

— சவத்தை, அந்தப் பேச்சைத்தான் சொல்லுதேன்.

— அதுல என்ன அண்ணாச்சி தப்பு? போன வாரம் தேள்கடிக்குச் சொன்னாவ. அதுக்கு முந்துன வாரம் மதுவிலக்கு. நீங்க கமிட்டித் தலைவருன்னு மாலை போட்டுக்கிட்டு இதே எடத்துல நின்னு 'ஒரு சொட்டும் விஷம்'னு சொல்லுவியளே, அதையேதான் அந்த டாக்டரும் சொன்னாரு. ஆனா உங்க அளவுக்கு இல்ல. நீங்க சொல்லும்போது கண்ணு கலங்கும்.

— கேலி பண்ணுதியாலே?

— நான் அஞ்சாங்கிளாஸ் அண்ணாச்சி. எனக்குக் கேலி பண்ண எங்க தெரியும்.

— போன வாரம் முடிக்கும்போது என்ன சொன்னாவ? நீ கேட்டேல்லா?

— கேட்டேனே. 'அடுத்த வாரம், தென்காசியிலிருந்து கோமதியம்மாள் என்ற சகோதரி தம் வீட்டில் ஒருவருடைய உடம்பைப் பற்றி மனம் விட்டு எழுதியிருக்கும் கடிதத்துக்கு டாக்டர் பதில் சொல்வார்'.

— கேட்டியாலே? மனம் விட்டு எழுதியிருக்காளாம். என் பொண்டாட்டி பேரு என்ன?

— கோமதி ஆச்சி. அதனால என்ன? சங்கரங்கோயில் அம்மன் பேரு. இந்த ஊர்ல தெருவுக்கு நாலு கோமதி இருக்கா.

— இருப்பா. அவளுவளுக்கு ரேடியோவுக்குக் காயிதம் எழுதத் தெரியுமாக்கும்? எங்க வீட்டுக்காரி எட்டாங்கிளாஸ் வரைக்கும் போனவ. போன மாசம் என் பேனாவை எடுத்து வச்சு எழுதிக்கிட்டு இருந்தா. என்னட்டின்னு கேட்டேன், சுரண்டையில இருக்க அண்ணனுக்குன்னா. அண்ணனுக்கு எழுதுத பொம்பள எதுக்குலே சிரிச்சுக்கிட்டே எழுதணும்?

— ஆச்சிகிட்டயே கேட்டுட்டா என்ன?

— கேட்டா, எழுதாதவளும் எழுதிருவா.

— அதுவும் சரிதான். ஆனா உங்க வீட்டுல யாருக்கு அண்ணாச்சி ஒடம்பு சரியில்ல? நீங்க கல்லு மாதிரில்லா இருக்கிய.

— வெளிய விடமாட்டியே?

— நான் ரேடியோ போடுதவன் அண்ணாச்சி. நானே ரேடியோ இல்ல.

— போன வருசம் கோமதி டைபாய்டுல கெடந்து எந்திரிச்சால்லா. ரத்தம் ஊறணும், திராட்சை ஒயின் தினம் ரெண்டு கரண்டி குடுங்கன்னாரு டாக்டரு. நம்ம பக்கந்தான் தடை ஆச்சே, இங்கன எங்க போறது? மச்சினன் ரயிலேறி மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் போயி ரெண்டு பாட்டல் கொண்டாந்தான். பலாப்பழக் கூடைக்குள்ள வச்சு.

— மருந்துக்குத்தானே. இதுல என்ன கொறை?

— கொறை ஒண்ணும் இல்ல. அவ ரெண்டு கரண்டி குடிச்சா.

— மிச்சம்?

— மிச்சம் கெட்டுப் போயிரும்லாலே.

— ஆமாமா. ஒயினும் பாலு மாதிரிதான். வச்சிருக்கப்படாது.

— எனக்கும் மேலுவலி உண்டு, கேட்டியா. கமிட்டிக்காக நாயா அலையுதேன். அச்சன்புதூர், வாசுதேவநல்லூர்னு எம்புட்டு மேடை. தொண்டை வறண்டு போகுது.

— வறண்ட தொண்டையை வச்சுக்கிட்டு விஷம் விஷம்னு எம்புட்டு நேரம்தான் கத்துவிய. பொறவு?

— பொறவு அவளுக்கு ஒடம்பு தேறிட்டு.

— ஒயினு?

— அது நிக்கல்ல. மச்சினன் மாசாமாசம் பலாப்பழம் கொண்டாரான்.

— சீசன் இல்லாத மாசமும் பலாப்பழமா? அதுவும் சரிதான், மச்சினன் பாசம். எங்க வச்சிருக்கிய அண்ணாச்சி? ஆச்சி கண்ணுல பட்டிருக்குமோன்னு கேக்கேன்.

— முன்னறை பீரோவுல. கமிட்டி நோட்டீஸ் கட்டுக்குப் பின்னால.

— 'ஒரு சொட்டும் விஷம்' நோட்டீஸா?

— அதேதான்.

— நல்ல எடம். அந்த நோட்டீசை எவனும் எடுத்துப் பாக்கப் போறதில்ல.

— அவ பாத்துட்டாலே. ஒரு வார்த்தை கேக்கல்ல. மறுநாளு நான் பீரோவைத் தொறந்தா, பாட்டல் தலையில ரெண்டு கரண்டியைக் கமுத்தி வச்சிருக்கா. சண்டை போட்டிருந்தாக்கூட நான் தூங்கியிருப்பேன். அடுத்த மாசம் போர்டு எலெக்சன். இந்த நேரத்துல 'தென்காசி கோமதியம்மாள் புருசன் தெனமும் ஊத்திக்கிடுதானாம், ஈரல் என்ன ஆகும்'னு அந்த டாக்டரு ஊரு கேக்கச் சொன்னா, நான் எந்த மேடையில ஏறுவேன்?

— மேடையை விடுங்க, வீட்டுப் படியில ஏறணும்லா.

— ஒண்ணு செய்வோமா? ஆறரைக்கு நானே இங்கன நின்னு பேசுதேன். நீ ரேடியோவைச் சத்தம் கொறைச்சு வையி.

— எதைப் பத்திப் பேசுவிய?

— மதுவிலக்குதான். வேற என்ன பேச்சு எனக்குத் தெரியும்?

— இப்ப சொன்னதையும் சேத்துச் சொன்னியன்னா, கூட்டத்துல ஒருத்தன்கூட கலைய மாட்டான்.

— சரி, உனக்கு என்ன வேணும்னு சொல்லு. ரெண்டு வருசமா உன் வேலை தற்காலிகம் தற்காலிகம்னு கெடக்கே. நாளைக்கே பேசி நிரந்தரம் ஆக்குதேன்.

— நான் கேட்டப்போல்லாம் போர்டு கூடட்டும்னிய.

— கூடிட்டுன்னு வச்சுக்கோயேன்.

— இன்னைக்கு மட்டும் முடியாது அண்ணாச்சி. நாளையிலேருந்து ஒரு மாசம் ரிப்பேருன்னு அட்டையில எழுதித் தொங்க விட்டுருதேன்.

— நாளைக்கு நிப்பாட்டி என்னத்தைலே செய்ய? ஆமா, உங்கம்மை எப்படி இருக்கா? மழையில வழுக்கி விழுந்தாளே. இன்னும் கெடையிலதான் இருக்காளோ?

— எட்டு மாசம் ஆச்சு அண்ணாச்சி. முதுகு பூரா—

— சரி சரி, அதைப் பொறவு பேசுவோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு சிபாரிசுக் காயிதம் தாரேன். இப்ப வயரைப் புடுங்கு.

— அந்தக் காயிதத்தை நான் மார்கழியில கேட்டேன்.

— இப்பத்தான் தாரேங்கேன்லா. கையில என்னலே, பென்சிலும் தாளும்?

— டாக்டரு சொல்லுததை எழுதிக்கிடலாம்னு.

— என் மானம் போறதை எழுதி வேற வச்சுக்கப் போறியா?

— அதுக்கு இந்தத் துண்டுத்தாளு காணாது அண்ணாச்சி.

— திமிருலே உனக்கு. ரேடியோ ரூம்புச் சாவியைக் குடு.

— இடுப்புல சொருகியிருக்கேன். மெம்பரு ஒருத்தரு வேட்டியப் புடிச்சு இழுக்கதை பெஞ்சுல இருக்கவுக பாத்தாப் பரவால்லன்னா எடுத்துக்கிடுங்க.

— நாளைக்கு உனக்கு வேலை இருக்காது, சொல்லிட்டேன்.

— தற்காலிகம்தானே, போனா போகட்டும். நேரம் ஆயிட்டு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ரேடியோ போடணும்.

— வீரபாகு, ஒன்னையக் கும்புட்டுக் கேக்கேன்.

— ஊருக்கு ஒரு மொகம், வீட்டுக்கு ஒரு மொகம்னு இருந்தா இப்படித்தான் பயந்து சாகணும். என்னையப் பாருங்க, எந்தக் கோமதி எதை எழுதுனாலும் எனக்கு ஒரு பயமும் கெடையாது. இந்தா, ஆரம்பிச்சிட்டாவ.

— 'நேயர்களுக்கு வணக்கம். இல்லமும் நலமும். தென்காசி கோமதியம்மாள் எழுதுகிறார்: ஐயா, என் மாமியார் எட்டு மாதமாகக் கிடையில் இருக்கிறார். முதுகெல்லாம் புண் வைத்துவிட்டது...'

— மாமியாரா? எங்கம்மை போயிச் சேந்து பன்னெண்டு வருசம் ஆகுதே.

— உங்கம்மை இல்ல அண்ணாச்சி, எங்கம்மை. இது எங்க வீட்டுக் கோமதி. எழுதி ஒட்டித் தந்தா, நான்தான் கொண்டுபோயி தபால்ல போட்டேன். முதுகுப் புண்ணுக்கு மருந்து கேட்டிருக்கா.

— சண்டாளப் பயலே, மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா. நான் பாட்டுக்கு எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டேனே.

— முதுகுன்னு ஆரம்பிச்சேன், பொறவு பேசுவோம்னிய. சத்தம் காட்டாதீங்க, மருந்து சொல்லுத நேரம்.

— '...மருந்து போட வேண்டுமென்றால் அவரைப் புரட்ட வேண்டும். புரட்ட இரண்டு ஆள் வேண்டும். என் கணவர் இந்த ஊர்ப் பூங்காவில் ரேடியோ போடுகிறவர். வாரந்தோறும் நீங்கள் சொல்வதைக் கேட்டுவந்து தெருவுக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறார். பெற்ற தாயைப் புரட்ட இந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட ஒரு கை பிடித்ததில்லை. வாடை தாங்கவில்லை என்று வாசலோடு போய்விடுகிறார். அவரிடம் கேட்டு அலுத்துவிட்டது. ஒருத்தியாகவே புரட்டுவதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்...'

— ஏலே வீரபாகு.

— ம்.

— பெஞ்சுல இருக்கவன் பூரா ஒன்னையத்தான் திரும்பிப் பாக்கான். வயரு நனைஞ்சிருக்கான்னு பாத்துருவோமா?

— வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு பேரா எப்படிப் புரட்டணும்னு சொல்லுதாவளான்னு கேக்கணும்.