மாப்பிள்ளைக் கோட்டுக்கு எந்தக் காலர்

– அப்போ கல்யாணக் கோட்டுக்குக் கூர் காலர் வேண்டாங்கிறீங்க. அழகரண்ணே, யோசிச்சுத்தான் பேசுறீங்களா?

– வேண்டாம் பாய். வேற எது வேணும்னாலும் வையுங்க.

– இந்த மட்டாஞ்சேரியில இஸ்மாயில் தைச்ச மாப்பிள்ளைக் கோட்டெல்லாம் கூர் காலர்தான். ரெண்டு முனையும் தோளைப் பாத்து ஏறி நிக்கும். மாலை போட்டாலும் எடுப்பாத் தெரியும். இப்போ எழுபத்தெட்டுல பையன்மாரு கையகலத்துக்குல்ல கேக்குறாங்க!

– என் சின்ன மக பாக்கியலக்ஷ்மி ஒத்தை வார்த்தைதான் சொன்னா. 'அப்பா, அந்தக் காலர் மட்டும் வேணாம்'னு.

– கல்யாணப் பொண்ணா காலர் சொல்லுது? கொள்ளாமே, நல்லாருக்கே! சரி, வெட்டுக் காலர் வைக்கட்டா? இந்தா, இந்த இடத்துல முக்கோணமா ஒரு வெட்டு. ஆபீசு, இன்டர்வியூ, கோர்ட்டு, எங்கேயும் போட்டுட்டுப் போலாம்.

– மாப்பிள்ளை ஒத்துக்க மாட்டாரு. 'எனக்குக் கிளார்க் கோட்டா தைச்சீங்க மாமா'ன்னு நாலு பேர் முன்னால கேட்டுப்புடுவாரு.

– பின்னே, ஷால் காலர். வெட்டே கிடையாது. கழுத்தைச் சுத்தி உருண்டு அப்படியே இறங்கும். ராத்திரி விருந்துக்கு வெள்ளைக்கார சாயிப்புமாரு போடுறது.

– ஓட்டல்ல பேண்டு வாசிக்கிறவங்க போடுறதுதானே அது? அவங்கம்மா பந்தியில வச்சே சிரிக்கும்.

– அண்ணே, காலர் மூணே தினுசு. நாலாவதுக்கு நான் எங்க போக?

– என்னமோ பாய், நீங்களே ஒண்ணு சொல்லுங்க. கார்ப்பரேஷன் குழாய்க்கு வால்வு திறக்குறவன் நான். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

– விஷமிக்காதீங்க, கவலையை விடுங்க. மாப்பிள்ளையை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. ஆளைப் பாத்தா எது பொருந்தும்னு நானே சொல்லிருவேன். எங்க வேலை?

– களமசேரியில, கம்பெனியில. வர மாட்டாரு. அளவுக்குப் பழைய கோட்டைக் குடுத்து விட்டிருக்காரு. இந்தாங்க.

– கொண்டாங்க. நல்ல துணிதான்... நில்லுங்க. இது என் கைவேலையில்லே? உள்ளே பச்சைத் துணி. அண்ணே, இது உங்க மூத்த மருமகனுக்கு நான் தைச்ச கல்யாணக் கோட்டு!

– ஆமா.

– அதை எதுக்கு... ரெண்டு மருமகனுக்கும் ஒரே உடம்பா?

– ஒரே ஆளு பாய்.

– எந்தா?

– ஒரே ஆளு. பாக்கியத்தையும் அவருக்குத்தான் குடுக்குறேன். முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. வீட்டுச் சுவத்துல அக்கா கல்யாணப் போட்டோ தொங்குது. அதுல இந்தக் காலர்தான். அதுக்குக் கீழ நின்னுதான் சின்னது தினமும் தலை சீவுது.

– யா அல்லா! எனக்கு ஒருத்தரும் சொல்லலையே. மூத்தது ஒச்சம்மா... சிரிச்சமுகப் புள்ள. இந்தக் கோட்டுக்குப் பட்டனே அதுதானே பொறுக்கிக் குடுத்தது. இங்க, இந்த ஸ்டூல்ல உக்காந்து.

– பாய்...

– அழாதீங்க அண்ணே. உக்காருங்க. அக்கா போன வீட்டுக்குத் தங்கச்சியைக் குடுக்குறது நாட்டுல நடக்குறதுதான். பெத்தவளுக்கு அடுத்தபடி சித்திதானே பிள்ளையைப் பாப்பா? பிரசவத்துலயா போச்சு? குழந்தையாவது பொழைச்சுதா?

– குழந்தைதான் இல்லையே பாய், அதுக்குத்தானே இதெல்லாம். ஒச்சம்மாளுக்கு ஒண்ணும் ஆகலை. கீழே ரிக்‌ஷாவுல உக்காந்திருக்கா. புருஷனுக்கு எந்தக் காலர்னு அவளே பாத்துச் சொல்லணுமாம்.